ஐஸ் ஹாக்கி ஆடி முடித்தாயிற்று, அடுத்து கோச் ஆவது எப்படி?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் 32 அணிகள், ஆகவே தலைமை கோச் வேலையும் 32தான். அணிக்கு மூன்று நான்கு உதவி கோச் என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 150, 160 பேரைத் தாண்டாது. ஆட்டக்காரர்களுக்கோ அணிக்கு 23 பேர் வீதம் எழுநூறுக்கு மேல் இடம் இருக்கிறது. "ஆட்டத்தில் மேலே போக முடியவில்லை, சரி, கோச்சாகப் போய்விடலாம்" என்று கணக்குப் போடுகிறவர் அதைவிடக் குறுகலான கதவில்தான் போய் முட்டப்போகிறார்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. கீழே ஏஎச்எல், அதற்கும் கீழே ஈசிஎச்எல், ஜூனியர் லீக்குகள், பல்கலைக்கழக அணிகள், ஐரோப்பிய லீக்குகள், ஊர்ப் பிள்ளைகளின் அணிகள் என்று இடம் நிறையவே இருக்கிறது. எந்தப் படியில் ஏறத் தொடங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். டொராண்டோ பக்கம் பிள்ளையை விடியற்காலை ரிங்க்குக்குக் கூட்டிக்கொண்டு போகும் பெற்றோரும் இதைப் படிக்கலாம், ஜூனியரிலோ கல்லூரியிலோ ஆடி முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கிறவரும் படிக்கலாம்.

வெறும் அறிவுரையாக அடுக்குவதை விட ஒருவருடைய பாதையைப் பிடித்துக்கொண்டு நடப்பது நல்லது. மேனி மல்ஹோத்ராவை எடுத்துக்கொள்வோம். 1980இல் மிசிசாகாவில் பிறந்தவர். அப்பா இந்திய வம்சாவளி, அம்மா பிரெஞ்சுக் கனடியர். அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் டிராஃப்டில், 1998இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரை 7வது ஆளாக எடுத்தது. அவ்வளவு முன்னால் எடுக்கப்பட்டவர் என்றால் கோல்களாகப் போட்டுத் தள்ளுவார் என்று எதிர்பார்ப்பார்கள். அது நடக்கவில்லை, 991 ஆட்டத்தில் 116 கோல்தான். ஆனாலும் அந்த 991ஐக் கவனியுங்கள். அதிகம் கோல் போடாத ஒரு சென்டரை (தாக்கும் வரிசையின் நடுவில் ஆடுபவரை) ஏழு என்எச்எல் அணிகள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டன என்றால் அவரிடம் வேறு ஏதோ சரக்கு இருந்திருக்கிறது. பின்னாளில் அவரைக் கோச்சாக்கியதும் அந்தச் சரக்குதான்.

ஆடும்போதே தொடங்குங்கள்

2010-11 சீசனில் வான்கூவர் அணி அவரை எப்படிப் பயன்படுத்தியது என்று பாருங்கள். அணியின் நட்சத்திரங்கள் சேடின் இரட்டையர்கள். அவர்கள் எப்போதும் எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் ஷிஃப்ட்டை (ஒரு முறை களமிறங்கி ஆடுவதை) தொடங்க வேண்டும் என்பது கோச்சின் திட்டம். அப்படியானால் தன் கோலுக்குப் பக்கத்தில் ஃபேஸ் ஆஃப் விழும்போதெல்லாம் யாராவது போய் அந்த அழுக்கு வேலையைச் செய்ய வேண்டுமே, அதற்குத்தான் மல்ஹோத்ரா. அந்த சீசனில் அவர் எடுத்த ஃபேஸ் ஆஃப்களில் 60 சதவீதத்துக்கு மேல் வென்றார். தொலைக்காட்சியில் பார்க்கிறவருக்கு அது ஒரு விநாடி வேலை, நடுவர் ரப்பர் வட்டான பக்கைப் போடுகிறார், இருவர் குத்திக்கொள்கிறார்கள், முடிந்தது. ஆனால் அந்த சென்டர் குனிவதற்கு முன்பே பாதி வேலை நடந்திருக்கும். எதிராளி வலக்கை ஸ்டிக்கா இடக்கை ஸ்டிக்கா, கீழ்க்கை எவ்வளவு இறங்கியிருக்கிறது, பிடியைத் திருப்பி வைத்திருக்கிறானா, ஓரத்தில் ஆடும் நம் விங்கர் சரியான இடத்தில் நிற்கிறானா, தோற்றால் தூரத்தில், பாயின்ட்டிலிருந்து ஷாட் அடிக்கப் போகிறவனை நோக்கி யார் ஓடுவது, நடுவர் நம்மை வட்டத்திலிருந்து வெளியேற்றிவிட்டால் பதிலுக்கு யார் உள்ளே வருவது. தற்காக்கும் பக்கத்து சென்டர்தான் முதலில் ஸ்டிக்கைத் தரையில் வைக்க வேண்டும் என்று இப்போது விதி இருப்பதால், எதிராளி கடைசி நொடியில் அசைவதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பத்து வருடம் செய்த ஒருவரால், இருபது வயதுப் பையனை வட்டத்தில் நிறுத்தி எந்த விரலை எங்கே வைப்பது என்பது வரைக்கும் சொல்லித்தர முடியும். வேன் கிரெட்ஸ்கி 894 கோல் போட்டவர், 2025 வரை அந்த எண்ணிக்கையை யாரும் தாண்டவில்லை. 2005இல் எந்தக் கோச் அனுபவமும் இல்லாமல் நேரே ஃபீனிக்ஸ் அணியின் தலைமை கோச்சானார். நான்கு சீசன், 143 வெற்றி, 161 தோல்வி, 24 கூடுதல் நேரத் தோல்வி, ஒரு முறை கூட பிளேஆஃப் (சீசன் முடிவில் கோப்பைக்கான சுற்று) இல்லை. அணியும் பலவீனமான அணிதான், பழியை அவர் தலையில் மட்டும் போட முடியாது. இருந்தாலும் எனக்குத் தோன்றுவது இதுதான்: யோசிக்காமலே வந்துவிடுகிற ஒன்றை அடுத்தவருக்குப் பிரித்துச் சொல்வது கஷ்டம், கஷ்டப்பட்டுக் கற்றவருக்கோ அதன் ஒவ்வொரு படியும் ஞாபகத்தில் இருக்கும்.

அதனால் ஆடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டியது: பயிற்சியில் ஒரு டிரில் கொடுத்தால் இது எதற்கு என்று கேளுங்கள். குறை கண்டுபிடிக்கிற தொனியில் கேட்காதீர்கள், தனியாக, பயிற்சி முடிந்த பிறகு கேளுங்கள். வீடியோ கூட்டத்தில் உங்கள் தவறை மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகாமல் மற்ற நான்கு பேர் அந்த நேரம் எங்கே நின்றார்கள் என்று பாருங்கள். நோட்டு ஒன்று வைத்து, உங்களுக்குப் பிடித்த டிரில்களைப் படமாக வரைந்து, பக்கத்தில் அது எந்தப் பழக்கத்தைத் திருத்துகிறது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். கோடை விடுமுறையில் ஊர் ரிங்க்கில் நடக்கும் ஹாக்கி முகாமில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கக் கூப்பிட்டால் போய் நில்லுங்கள், காசு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. எட்டு வயதுப் பிள்ளை புரியாவிட்டால் புரிந்த மாதிரி நடிக்காது, அப்படியே வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடும். நீங்கள் சொல்வது நீளமா குழப்பமா என்பது அங்கே உடனே தெரிந்துவிடும்.

கடைசி வருடங்களை வீணாக்காதீர்கள்

2011 மார்ச்சில் கொலராடோவுக்கு எதிரான ஆட்டத்தில் பக் வந்து மல்ஹோத்ராவின் இடது கண்ணில் அடித்தது. அறுவைசிகிச்சைகளுக்குப் பிறகு அதே வருடம் என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் திரும்பி வந்து ஆடினார், ஆனால் பார்வை பழையபடி ஆகவில்லை. 2013இல் இனி ஆடுவது ஆபத்து என்று வான்கூவர் நிர்வாகமே அவரை அந்த சீசனின் மிச்சம் முழுக்க உட்காரவைத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் ஏஎச்எல்லில் ஷார்லட் செக்கர்ஸ் அணிக்குத் தற்காலிக ஒப்பந்தத்தில் போய் ஆடிக்காட்டி, அங்கிருந்து கரோலினாவுக்கு ஏறி, அடுத்த வருடம் மான்ட்ரியாலில் ஆடி, கடைசியாக 2015-16இல் மறுபடியும் ஏஎச்எல்லில் லேக் ஈரி மான்ஸ்டர்ஸ் அணிக்குப் போனார்.

என்எச்எல்லில் இருந்தவருக்கு ஏஎச்எல் பேருந்துப் பயணம் இறக்கம் மாதிரித் தோன்றும். கோச்சாக நினைப்பவருக்கு அது பள்ளிக்கூடம். ஏஎச்எல்லில் ஒரு விதி உண்டு: களமிறங்கும் 18 ஆட்டக்காரர்களில் குறைந்தது 13 பேர் அனுபவம் குறைந்த, வளர்ந்துவரும் ஆட்டக்காரர்களாக இருக்க வேண்டும். மூத்தவர்களுக்கு மிஞ்சுவது ஐந்தே இடம். அந்த ஐந்தில் ஒன்றை ஒரு முப்பத்தைந்து வயதுக்காரருக்குக் கொடுக்கிறார்கள் என்றால் அவர் போடும் கோலுக்காக மட்டும் கொடுப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு எப்படிச் சாப்பிடுவது, எப்போது தூங்குவது, கோச் திட்டினால் எப்படி எடுத்துக்கொள்வது என்றெல்லாம் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டும். சம்பளம் ஆட்டக்காரருக்குரியது, வேலை பாதி கோச்சுடையது. அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் கௌரவம் பார்க்காதீர்கள். அப்புறம், அந்த சீசனில் மான்ஸ்டர்ஸ் அணியின் தலைமை கோச் யார் தெரியுமா? ஜாரெட் பெட்னார். அவருடைய பாதை இதற்கு நேர் எதிர், அதையும் பார்க்க வேண்டும்.

முதல் வேலை

மல்ஹோத்ரா 2016இல் வான்கூவருக்குத் திரும்பினார், டெவலப்மென்ட் கோச்சாக. இந்தப் பதவியில் இருப்பவர் ஆட்டத்தின்போது பெஞ்சுக்குப் பின்னால் நிற்பதில்லை. அணி டிராஃப்டில் எடுத்த பையன்கள் ஜூனியரிலும் கல்லூரியிலும் சிதறிக் கிடப்பார்கள், அவர்களைப் போய்ப் பார்ப்பது, தனித்தனியாக வீடியோ வெட்டி அனுப்புவது, கோடையில் முகாம் நடத்துவது, இதுதான் வேலை. அடுத்த வருடமே உதவி கோச்சாக உயர்ந்தார். கரோலினாவின் ராட் பிரிண்டமோரும் ஏறக்குறைய இப்படித்தான். கேப்டனாக 2006இல் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியவர், 2010இல் ஓய்வு பெற்றார், நினைத்திருந்தால் உடனே பெரிய பதவி கேட்டிருக்கலாம். ஆட்டக்காரர் வளர்ப்பு வேலையில் தொடங்கி, 2011 முதல் ஏழு வருடம் உதவி கோச்சாகக் காத்திருந்து 2018இல்தான் தலைமை கோச்சானார். முதல் சீசனிலேயே அந்த அணியின் ஒன்பது வருட பிளேஆஃப் வறட்சி முடிந்தது.

இது பெயர் உள்ளவர்களின் வழி. பெயர் இல்லாதவர் என்ன செய்வது? பெட்னாரைப் பாருங்கள். என்எச்எல்லில் ஒரு ஆட்டம் கூட ஆடாதவர். தென் கரோலினாவில் ஸ்டிங்ரேஸ் என்ற ஈசிஎச்எல் அணியில் டிஃபென்ஸ் ஆடி, 2002இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அங்கேயே உதவி கோச்சாகச் சேர்ந்தார். 2007இல் தலைமை கோச், 2009இல் ஈசிஎச்எல்லின் கெல்லி கோப்பை. பிறகு ஏஎச்எல்லுக்கு ஏறி ஆபட்ஸ்ஃபோர்ட், பியோரியா, ஸ்பிரிங்ஃபீல்ட் என்று ஊர் ஊராக வேலை பார்த்து, 2016இல் லேக் ஈரியோடு ஏஎச்எல்லின் கால்டர் கோப்பை வென்று, அதே கோடையில் கொலராடோவின் தலைமை கோச்சாகி, 2022இல் ஸ்டான்லி கோப்பையும் வென்றார். மூன்று லீக்கின் கோப்பையையும் கோச்சாக வென்ற முதல் ஆள் அவர்தான். இதே ஸ்டிங்ரேஸில் ஆடி, அங்கேயே உதவி கோச்சாகி, 2011இல் தலைமை கோச்சான ஸ்பென்சர் கார்பெரியும் என்எச்எல் பக்கம் ஆடியதில்லை. ஈசிஎச்எல், ஏஎச்எல், என்எச்எல் மூன்றிலும் சிறந்த கோச் விருது வாங்கியவர் அவர், கடைசி விருது 2025இல் வாஷிங்டனில்.

ஈசிஎச்எல்லில் கோச் என்றால் பயிற்சி மட்டும் கொடுப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். பல அணிகளில் ஆள் எடுப்பதும் அவரே, வாரச் சம்பள உச்சவரம்புக்குள் கணக்கை அடக்குவதும் அவரே. வியாழன் மதியம் உங்கள் சிறந்த விங்கரை மேல் அணி கூப்பிட்டுக்கொண்டுவிடும். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஆட்டம். கீழ் லீக்கில் யார் சும்மா இருக்கிறான், அவன் எத்தனை மணிக்கு வந்து சேர்வான், எந்த அடுக்ககத்தில் தங்கவைப்பது, அவனுக்கு ஆள் குறையும்போது தற்காக்கும் நம் பெனால்ட்டி கில் முறையைப் பேருந்திலேயே சொல்லிக்கொடுத்துவிட முடியுமா என்று போனும் கையுமாக உட்கார்ந்திருப்பீர்கள். உதவிக்கு ஒரே ஒரு ஆள், சில இடங்களில் அதுவும் கஷ்டம். இப்படி நாலு சீசன் ஓட்டியவருக்குப் பெரிய அணியில் எந்தப் பிரச்சினை வந்தாலும் புதிதாக இருக்காது. இரண்டு வழியும் கிடைக்கிற நிலையில் இருக்கிறீர்கள் என்றால் என் ஓட்டு ஈசிஎச்எல்லுக்குத்தான். என்எச்எல் அலுவலகத்தில் பாதுகாப்பாக உட்கார்ந்து கற்பதை விட, முடிவெடுத்து அது தப்பாகப் போய் அடுத்த நாள் மறுபடி முடிவெடுக்க வேண்டிய இடத்தில் கற்பது வேகமாக நடக்கும்.

இதற்கு விதிவிலக்கே இல்லையா என்றால் இருக்கிறது. மார்ட்டின் செயின்ட் லூயி தன் பிள்ளைகளின் அணிகளுக்குக் கற்றுக்கொடுத்த அனுபவத்தோடு 2022 பிப்ரவரியில் நேரே மான்ட்ரியாலின் கோச்சானார். அந்த சீசனை அணி லீக்கிலேயே கடைசியாக முடித்தது, 2025இல் பிளேஆஃப் போனது. ஆனால் அவர் ஹால் ஆஃப் ஃபேம் ஆள், நிர்வாகமும் பொறுமையாக இருந்தது. அந்த இரண்டும் உங்களுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். (மல்ஹோத்ராவின் மைத்துனர் கூடைப்பந்து ஸ்டீவ் நாஷ், அவரும் கோச் அனுபவம் இல்லாமல் 2020இல் புரூக்ளின் நெட்ஸின் தலைமை கோச்சாகி 2022 நவம்பரில் வெளியே வந்தார். ஒரே குடும்பத்தில் இரண்டு வழியும் இருக்கிறது.)

சான்றிதழ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் பிள்ளைகள் அணிக்கு ஹாக்கி கனடாவின் கோச் 1, கோச் 2 பயிற்சியும் ரெஸ்பெக்ட் இன் ஸ்போர்ட் வகுப்பும் போலீஸ் சரிபார்ப்பும் கேட்பார்கள், மேலே போக டெவலப்மென்ட் 1, ஹை பெர்ஃபார்மன்ஸ் 1. அமெரிக்காவில் யுஎஸ்ஏ ஹாக்கியின் படிகள் 1 முதல் 5 வரை. ஐரோப்பாவில் வேலை தேடினால் அந்தந்த நாட்டு உரிமம் வேண்டும். ஃபின்லாந்தில் வியெருமாக்கியில் கோச்சிங்கைப் பட்டப்படிப்பாகவே படிக்கலாம். ஆடிக்கொண்டிருக்கும்போதே கோடையில் ஒவ்வொன்றாக முடித்துவையுங்கள். இதை வைத்து யாரும் வேலை தரமாட்டார்கள், ஆனால் வேலை வரும் நேரத்தில் இது இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

பெஞ்சுக்குப் பின்னால்

ஆட்டக்காரர் கோச்சானதும் முதலில் திகைப்பது இங்கேதான். ஆடும்போது உங்கள் ஷிஃப்ட் சுமார் 45 விநாடி, பிறகு உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். கோச்சுக்கு ஓய்வு கிடையாது, அறுபது நிமிடமும் அடுத்து யார் இறங்குவது என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வழக்கமாக ஒரு உதவி கோச் டிஃபென்ஸ் பக்கக் கதவருகே நின்று மூன்று ஜோடியையும் மாற்றுவார், இன்னொருவர் அல்லது தலைமை கோச் ஃபார்வர்டுகளின் நான்கு வரிசையையும் பார்த்துக்கொள்வார். புதிதாகச் சேர்கிறவருக்குப் பெரும்பாலும் டிஃபென்ஸ் கதவைக் கொடுப்பார்கள், டிஃபென்ஸ் ஆடியவராக இருந்தால் நிச்சயம் அதுதான்.

அங்கே நிற்கும்போது முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இரண்டாவது பீரியட் (ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் நடுவில் வருவது). முதல், மூன்றாவது பீரியடுகளில் உங்கள் பெஞ்ச் உங்கள் கோல் இருக்கும் பாதியில் இருக்கும், டிஃபென்ஸ்காரர் களைத்தால் நாலு எட்டில் வந்து ஏறிவிடலாம். இரண்டாவது பீரியடில் பக்கம் மாறிவிடுவதால் பெஞ்ச் எதிரணிப் பாதிக்குப் போய்விடுகிறது. தன் கோலருகே மாட்டிக்கொண்ட ஜோடி பக்கைக் கொஞ்சம் வெளியே தள்ளினாலும் பெஞ்சுக்கு வந்து சேர நடுக்கோட்டைத் தாண்டி வர வேண்டும், அதற்குள் எதிரணி திரும்பி வந்துவிடும். ஒரு நிமிடம், ஒன்றேகால் நிமிடம் என்று மாட்டிக்கொண்டு, கால் கனத்துப்போய், கடைசியில் கோல் விழும். பக்கைத் தெரியாமல் ஐஸிங் (தன் பாதியிலிருந்து எதிரணியின் கோல்கோட்டைத் தாண்டி) அடித்துவிட்டாலோ ஆளை மாற்றவே விடமாட்டார்கள், அதே களைத்த ஐந்து பேர் மறுபடி ஃபேஸ் ஆஃபுக்கு நிற்க வேண்டும். எனவே இரண்டாவது பீரியடில் ஷிஃப்ட்டைக் குறைக்கச் சொல்வது, பக்கை ஆழமாகப் போட்ட பிறகே மாறச் சொல்வது, இரண்டு டிஃபென்ஸும் ஒரே நேரத்தில் ஓடிவராமல் தூரத்தில் இருப்பவரை நிற்கவைத்து ஒருவர் பின் ஒருவராக மாற்றுவது, இதெல்லாம் கதவுக்காரரின் பொறுப்பு. ஆட்டக்காரராக இருந்தபோது இதை உடம்பால் செய்திருப்பீர்கள், இப்போது ஆறு பேருக்கும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

சொந்த ஊரில் ஆடும்போது விசில் ஊதியதும் எதிரணி முதலில் ஆட்களை இறக்க வேண்டும், நீங்கள் பார்த்துவிட்டு இறக்கலாம். இந்தச் சலுகையைச் சரியாகப் பயன்படுத்துகிற உதவி கோச்சைத் தலைமை கோச் கவனிப்பார். எதிரணியின் முதல் வரிசை எத்தனை விநாடிக்கு முன் உட்கார்ந்தது என்று உங்களிடம் கேட்டால் பதில் நாக்கு நுனியில் இருக்க வேண்டும்.

வீடியோவுக்கு வருவோம். புதுக் கோச்கள் எல்லாரும் செய்யும் பிழை, இருபது துண்டு வெட்டிக் காட்டுவது. ஆறேழு போதும், அதிலும் குறைந்தது இரண்டு சரியாகச் செய்ததைக் காட்டுவதாக இருக்கட்டும். ஆட்டம் நடக்கும்போது பெஞ்சில் ஐபேடில் காட்டுவது இப்போது சகஜம், ஆனால் ஷிஃப்ட் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவனிடம் உடனே திரையை நீட்டாதீர்கள். தண்ணீர் குடித்து முடிக்கட்டும்.

பயிற்சியும் அப்படித்தான். வெள்ளைப் பலகை முன் ஐந்து நிமிடம் நின்று பேசினால் வியர்த்த உடம்பு குளிர்ந்துவிடும், பின்வரிசையில் ஒருவன் ஸ்டிக்கால் ஐஸைச் சுரண்டத் தொடங்குவான். அம்பும் வட்டமுமாக வரைந்து, முப்பது விநாடியில் சொல்லி, ஓடவிட்டு, தப்பு வந்தால் அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். கூடவே உங்கள் ஸ்கேட்டிங்கை விட்டுவிடாதீர்கள். கோச்சே செய்துகாட்டும்போது பையன்கள் பார்க்கும் பார்வை வேறு.

ஒரு பிரிவு தோற்றால் என்ன ஆகும்?

2020இல் மல்ஹோத்ரா டொராண்டோவுக்கு உதவி கோச்சாகப் போனார், பவர் பிளே, அதாவது எதிரணியில் ஆள் குறைந்த நேரத்து ஆட்டம், அவர் கையில். சீசனின் தொடக்கத்தில் அது பிரமாதமாக ஓடியது, பிறகு படுத்துவிட்டது. டொராண்டோவில் பவர் பிளே படுத்தால் ஊரே பேசும், மளிகைக் கடையில் நிற்பவரும் கருத்துச் சொல்வார். அடுத்த கோடையில் அணி கார்பெரியைக் கொண்டுவந்து பவர் பிளேயை அவரிடம் கொடுத்தது. மல்ஹோத்ரா வேலையை விட்டுப் போகவில்லை, வேறு பொறுப்புகளோடு 2024 வரை அங்கேயே இருந்தார். உங்களுக்கும் இது நடக்கும். பொறுப்பைப் பறித்தால் அடுத்தவர் அதை எப்படிச் செய்கிறார் என்று பக்கத்திலிருந்து பாருங்கள். முறைத்துக்கொண்டு திரிகிற உதவி கோச்சை ஆட்டக்காரர்கள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேலையிலிருந்து அனுப்பப்படுவதற்கும் தயாராக இருங்கள், இந்தத் தொழிலில் அது எப்போது என்பதுதான் கேள்வி. மைக் சல்லிவன் 2003இல் பாஸ்டனின் கோச், 2006இல் வெளியே. அதன் பிறகு டாம்பா, நியூயார்க், வான்கூவர் என்று உதவி கோச்சாகவே பல வருடம் ஓட்டினார். 2015 டிசம்பரில் பிட்ஸ்பர்க் கூப்பிட்டது, 2016இலும் 2017இலும் ஸ்டான்லி கோப்பை. பெட்னாரின் முதல் என்எச்எல் சீசனில் கொலராடோ எடுத்தது 82 ஆட்டத்தில் 48 புள்ளி, படு மோசம், ஆனாலும் நிர்வாகம் அவரை வைத்துக்கொண்டது. கிரெய்க் பெரூபி ஆடிய காலத்தில் 1,054 ஆட்டத்தில் 61 கோல், 3,149 பெனால்ட்டி நிமிடம், அதாவது சண்டைக்காரர். 2018 நவம்பரில் செயின்ட் லூயிஸ் அணியை இடைக்காலக் கோச்சாக ஏற்றபோது அணி தள்ளாடிக்கொண்டிருந்தது, 2019 ஜனவரி தொடக்கத்தில் லீக்கிலேயே கடைசி, ஜூனில் சாம்பியன். இதில் கோச்சின் திறமை எவ்வளவு, கோல் காக்கும் கோலியின் கை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியாது. உங்களுக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவே: ஊருக்கு ஊர் வீடு வாங்காதீர்கள், வாடகைக்கு இருங்கள். பிள்ளைகளின் பள்ளி பற்றி மனைவியிடமோ கணவரிடமோ ஒப்பந்தம் போடும் முன்பே பேசிவிடுங்கள்.

பெண்களுக்கு

ஜெசிகா காம்ப்பெல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கும் கனடா அணிக்கும் ஆடியவர். ஆடி முடித்ததும் அவர் கையில் எடுத்தது ஸ்கேட்டிங். கெலோனாவில் ஸ்கேட்டிங் பயிற்சி நடத்தினார், அங்கே என்எச்எல் ஆட்டக்காரர்களே வந்து கற்றார்கள். ஜெர்மனியில் நியூரன்பெர்க் அணியில் உதவி கோச்சாக இருந்துவிட்டு 2022இல் ஏஎச்எல்லின் கோச்செல்லா வேலி அணிக்கு வந்தார். 2024 அக்டோபரில் சியாட்டில் அணியின் பெஞ்சுக்குப் பின்னால் நின்றபோது, என்எச்எல்லின் முதல் முழுநேரப் பெண் உதவி கோச் ஆனார். ஆண்கள் அணியில் நுழைய ஏதாவது ஒன்றில் உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை என்ற நிலையை உண்டாக்கிக்கொள்ளுங்கள், ஸ்கேட்டிங் ஆகட்டும், வீடியோ ஆகட்டும், கோலி பயிற்சி ஆகட்டும். நியாயமா என்று கேட்டால் இல்லை, ஆண்களில் யாரிடமும் இவ்வளவு கேட்பதில்லை. ஆனால் கதவு அந்தப் பக்கம்தான் திறக்கிறது. என்எச்எல் கோச்கள் சங்கம் பெண் கோச்களுக்கென்று ஒரு வளர்ப்புத் திட்டம் நடத்துகிறது, நிறத்தாலும் பூர்வீகத்தாலும் ஓரங்கட்டப்படும் கோச்களுக்கும் இன்னொன்று இருக்கிறது. நம் பிள்ளைகள் விண்ணப்பிக்கக் கூச்சப்பட வேண்டாம்.

தலைமை கோச் நாற்காலி

2024 மே மாதம் மல்ஹோத்ரா வான்கூவரின் ஏஎச்எல் கிளை அணியான ஆபட்ஸ்ஃபோர்ட் கனக்ஸுக்குத் தலைமை கோச்சானார். ஓய்வு பெற்று எட்டு வருடம், அதில் ஏழு உதவி கோச்சாக. ஏஎச்எல் தலைமை கோச்சின் வேலையில் ஒரு முரண் உண்டு, வெல்லவும் வேண்டும், பையன்களை மேலே அனுப்பவும் வேண்டும். நன்றாக ஆடுகிறவனை வான்கூவர் கூட்டிக்கொண்டு போய்விடும், மிச்சமிருப்பவர்களை வைத்து அன்றிரவு ஆட வேண்டும். முதல் சீசனிலேயே, 2025 ஜூனில், கால்டர் கோப்பையை வென்றார். ஆறு ஆட்டத்தில் முடிந்த இறுதிச் சுற்றில் தோற்ற அணி ஷார்லட் செக்கர்ஸ், கண் அடிபட்ட பிறகு 2013இல் அவருக்கு மறுபடி ஆட இடம் கொடுத்த அதே அணி. பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருது கோலி ஆர்தர்ஸ் ஷிலோவ்ஸுக்குப் போனது.

கோப்பை வந்தால் மேலே கதவு தானாகத் திறக்கும் என்று நினைப்போம். வான்கூவரின் தலைமை கோச் இடம் அந்த வருடம் ஏப்ரல் கடைசியில் காலியானது. மே நடுவில் அங்கே உதவி கோச்சாக இருந்த ஆடம் ஃபூட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள், மல்ஹோத்ராவின் அணி அப்போது பிளேஆஃப் ஆடிக்கொண்டிருந்தது. இதனால் நாள்காட்டியைப் புரிந்துகொள்ளுங்கள். என்எச்எல்லில் தலைமை கோச் மாற்றம் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூனுக்குள் முடிந்துவிடும், புதுத் தலைமை கோச் தன் உதவியாளர்களைத் தேடுவது அதற்குப் பிறகு, அந்தக் காலியிடங்கள் ஏஎச்எல்லுக்கும் ஈசிஎச்எல்லுக்கும் இறங்கிவர ஜூலை ஆகஸ்ட் ஆகும். கீழே வேலை தேடுகிறவர் மே மாதத்தில் விண்ணப்பம் அனுப்பிவிட்டுப் பதில் இல்லை என்று சோர்ந்துபோவதில் அர்த்தமில்லை, ஜூலையில் மறுபடி அழையுங்கள். நீங்கள் யாருக்குக் கீழே ஆடினீர்களோ அவருக்குத்தான் முதல் போன், வேலை கேட்டு இல்லாவிட்டாலும் யார் யார் ஆள் தேடுகிறார்கள் என்று விசாரித்து. ஒப்பந்தம் கைக்கு வந்ததும், மேல் லீக் அணி கூப்பிட்டால் உங்களை விடுவிப்பார்கள் என்ற வரி அதில் இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.